பாட்டிக்கு 13 விநாடிகள்

மெதுவாகச் சாலையைக் கடக்கும் பாட்டியிடம் “வேகமாக நடங்கள்” என்று சொல்லிப் பயனில்லை. சாலைதான் அவருக்கேற்ப மாறவேண்டும். சிங்கப்பூரில் 2009ல் அறிமுகமான ‘கிரீன் மேன் பிளஸ்’ திட்டத்தின்படி, மூத்தோர் தங்கள் சலுகை அட்டையைக் கருவியில் தட்டினால் பச்சை விளக்கு கூடுதலாக 3 முதல் 13 விநாடிகள் எரியும். சாலை அகலமானால் நேரமும் கூடும்.

2014ல் தொடங்கிய ‘சில்வர் சோன்’ பகுதிகளில் சாலையின் வளைவுகளே வாகன வேகத்தைக் குறைக்கின்றன. அதையும் மீறுவோருக்கு அபராதமும் குற்றப்புள்ளிகளும் உண்டு. 24 மாதங்களில் 24 புள்ளிகள் சேர்ந்தால், ஓட்டுநர் உரிமம் தற்காலிகமாக ரத்தாகும்.

சிறுவர்கள் ஈஸ்ட் கோஸ்ட் சாலைப் பாதுகாப்புப் பூங்காவில் விதிகளைப் பழகுகிறார்கள். ஆனால், 18 வயதில் உரிமம் எடுக்கப்போவது நாம். பச்சை அணைந்த பின்னும் நடுச்சாலையில் தடுமாறும் முதியவருக்காகக் காத்திருக்கும் பொறுமையை இப்போதே பழகிக்கொள்வோம்.