ஒரு பூந்தொட்டிக்கு ஒரு கார்!
சீன நகரை ஆட்டி வைத்த கோடு போட்ட இலை

பூந்தொட்டி ஒன்று. அதைக் கொடுத்தால் கார் தருகிறேன் என்றாராம் வியாபாரி. "முடியாது" என்று தலையை ஆட்டிவிட்டாராம் செடிக்காரர்!

நிஜமோ புளுகோ, வடகிழக்குச் சீனாவின் சாங்சுன் நகரில் 1980-களில் ஜனங்கள் இப்படித்தான் பேசிக்கொண்டார்கள். நம்பவும் செய்தார்கள்.

செடியின் பெயர் கிளைவியா. பிறந்த மண் தென் ஆப்பிரிக்கா. 1930-களில் மஞ்சூரியா ஜப்பானியர் பிடியில் இருந்தபோது, பொம்மை அரசர் பூயியின் அரண்மனைக்கு வந்து சேர்ந்தது. பிறகு மெல்ல மெல்ல ஊருக்குள் புகுந்துவிட்டது.

பூவுக்கு அல்ல, இலைக்கு!

அங்கே மவுசு பூவுக்கு இல்லை. இலைதான் முக்கியம். குட்டையாக, அகலமாக, பளபளவென்று, விசிறி விரித்த மாதிரி இருக்க வேண்டும். பச்சையில் வெள்ளையோ மஞ்சளோ கோடு ஓடிவிட்டால் கேட்கவே வேண்டாம்.

ஆனால் அந்தக் கோடு லேசில் வராது. கோடு விழுந்த இடத்தில் பச்சையம் கிடையாது. இந்தக் குணம் தாய் வழியாக மட்டுமே இறங்கும். கோட்டுச் செடியின் மகரந்தத்தை எடுத்துச் சாதாரணச் செடிப் பூவில் தடவினால் பலன் பூஜ்யம்! கோட்டுச் செடியிலேயே காய் பிடிக்க வேண்டும்.

அப்போதும் லாட்டரிதான். சில நாற்று முழுப் பச்சை. சிலது முழு வெள்ளை. பார்க்க அழகு, ஆனால் விதையில் உள்ள சத்து தீர்ந்ததும் போய்விடும். மிச்சம் தேறுவதுதான் காசு. அதையும் நேர் வெயிலில் வைத்தால் வெள்ளைப் பகுதி கருகிவிடும்.

காய் பழுக்கவே 9 மாதத்துக்கு மேல். விதை முளைத்துப் பூக்க 3 முதல் 5 வருஷம். வழக்கமான ஆரஞ்சுப் பூவுக்குப் பதில் மஞ்சள் பூ வேண்டும் என்பவர்கள், நாற்றின் அடியைக் குனிந்து பார்ப்பார்கள். செந்நிறம் ஏறியிருந்தால் ஆரஞ்சு. பச்சையாக இருந்தால் மஞ்சளுக்கு வாய்ப்பு உண்டு.

சம்பளமும் செடியும்

தொழிலாளியின் மாதச் சம்பளம் சில பத்து யுவான்தான். நல்ல செடியோ ஆயிரக்கணக்கில் விலை போனது. சிலது லட்சத்தைத் தாண்டியதாகவும் பேச்சு. ஆலைக்குப் போனவர்கள் ஜன்னல் திட்டில் தொட்டி வைத்துப் பணக்காரர் ஆகக் கனவு கண்டார்கள். திருட்டுப் பயம் வேறு!

நகர நிர்வாகம் விலைக்கு உச்சவரம்பு போட்டது. யார் கேட்டார்கள்? அதே நிர்வாகம்தான் 1984 அக்டோபரில் கிளைவியாவை நகர மலராகவும் அறிவித்தது.

1985 ஜூனில் பிடி இறுகியது. அரசுப் பணத்தில் செடி வாங்கக் கூடாது, அரசு ஊழியர் இந்த வியாபாரத்தில் இறங்கக் கூடாது என்று உத்தரவு. பீஜிங் பத்திரிகையும் சாடியது.

அவ்வளவுதான்! விலை சரசரவென்று சரிந்தது. சேமிப்பைப் போட்டு நாற்று வாங்கியவர்கள், அது பூக்கும் முன்பே முதலை இழந்தார்கள். நேற்றுவரை பூட்டிக் காத்த தொட்டியைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆள் இல்லை.

நகர மலர் பட்டம் மட்டும் பறிபோகவில்லை. சாங்சுனுக்கு இன்றைக்கும் கிளைவியாதான்.