லினக்ஸ் மாற்றப் போகிறீர்களா? முதலில் கோப்புகளைக் காப்பாற்றுங்கள்

உபுண்டு 20.04 பதிப்புக்கான வழக்கமான ஐந்தாண்டு ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் இருந்த பாஸ் லினக்ஸ் பதிப்புகளும் பழசாகிவிட்டன. பாதுகாப்புப் புதுப்பிப்பு வராத கணினியில் நெட்பேங்கிங் செய்வது ஆபத்து. அதனால் பலரும் லினக்ஸ் மிண்ட், டெபியன், பெடோரா என்று வேறு டிஸ்ட்ரோவுக்கு, அதாவது வேறு லினக்ஸ் வகைக்கு, மாறுகிறார்கள். மாறுவது நல்லதுதான். ஆனால் அவசரத்தில் மாறி, ஆண்டுக்கணக்கில் சேர்த்த படங்களையும் ப்ராஜெக்ட் கோப்புகளையும் இழப்பவர்கள் உண்டு. அந்த இழப்பு முழுக்கத் தவிர்க்கக்கூடியது.

உங்கள் உரிமைகள்

லினக்ஸ் கெர்னல் ஜி.பி.எல். உரிமத்தின் 2-ஆம் பதிப்பில் வெளியாகிறது. பயன்படுத்தவும், உள்ளே எப்படி இயங்குகிறது என்று படித்துப் பார்க்கவும், மாற்றவும், பிறருக்குக் கொடுக்கவும் அது உரிமை தருகிறது. மிண்ட், டெபியன், உபுண்டு மூன்றையும் கட்டணமின்றி இறக்கி நிறுவலாம். லைசென்ஸ் கீ எதுவும் தேவையில்லை. கடைக்காரர் நிறுவித் தரும் வேலைக்குக் கூலி கேட்பது நியாயம். ஆனால் ‘மிண்ட் லைசென்ஸுக்கு’ என்று தனியாகப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

அதே உரிமம் இன்னொன்றையும் தெளிவாகச் சொல்கிறது: மென்பொருளுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. நீங்களே நிறுவும்போது கோப்புகள் அழிந்தால் யாரிடமும் இழப்பீடு கேட்க முடியாது. கூலி வாங்கிக்கொண்டு கடைக்காரர் அழித்தால் நிலைமை வேறு. அது சேவைக் குறைபாடு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் புகார் செய்யலாம். எனவே கணினியைக் கடையில் கொடுக்கும்போதே, ‘கோப்புகள் அழியக் கூடாது’ என்று சர்வீஸ் ரசீதில் எழுதி வாங்குங்கள்.

வாரண்டி காலத்தில் திரையோ கீபோர்டோ பழுதானால், ‘லினக்ஸ் போட்டதால் வாரண்டி இல்லை’ என்று சிலர் கைவிரிப்பார்கள். வாரண்டி அட்டையில் அப்படி நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது.

எங்கே இழப்பு நேர்கிறது?

நிறுவும்போது வரும் ‘டிஸ்க்கை அழித்து நிறுவு’ என்ற தேர்வுதான் முதல் கண்ணி. அது பழைய லினக்ஸை மட்டும் அழிக்காது. அந்த டிஸ்க்கில் உள்ள விண்டோஸையும் எல்லாப் பிரிவுகளையும் சேர்த்து அழித்துவிடும்.

அடுத்தது, மறைந்திருக்கும் கோப்புகள். டாக்குமெண்ட்ஸ், படங்கள் என்று கண்ணுக்குத் தெரியும் ஃபோல்டர்களை மட்டும் காப்பி செய்துவிட்டுப் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். பயர்பாக்ஸில் சேமித்த கடவுச்சொற்களும் புக்மார்க்குகளும் ஹோம் ஃபோல்டருக்குள், ‘மொசில்லா’ என்ற மறைந்த ஃபோல்டரில் இருக்கின்றன. உபுண்டு 22.04 முதல் பயர்பாக்ஸ் ஸ்னாப் வடிவில் வருவதால், அதே ஃபோல்டர் ‘ஸ்னாப்’ ஃபோல்டருக்குள் போய்விட்டது. ஃபோல்டரைத் திறந்து கண்ட்ரோலுடன் எச் எழுத்தை அழுத்தினால் மறைந்தவை தெரியும். ஹோம் ஃபோல்டரை முழுவதுமாகக் காப்பி செய்வதே பாதுகாப்பு.

விண்டோஸும் சேர்ந்திருந்தால், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் அதன் பிட்லாக்கரைக் கவனியுங்கள். செக்யூர் பூட் அமைப்பை மாற்றியபின் விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கலாம். அது கையில் இல்லையென்றால் உங்கள் கணினியே உங்களுக்குத் திறக்காது. அந்தச் சாவி பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். முன்கூட்டியே எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள்.

நிறுவுவதற்காக இறக்கும் ஐ.எஸ்.ஓ. கோப்பு போலியாக இருக்கலாம் என்பது வெறும் கற்பனைப் பயமல்ல. 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மிண்ட் இணையதளத்துக்குள்ளேயே ஊடுருவி, மிண்ட் 17.3 சின்னமன் பதிப்பின் இணைப்பைக் கள்ளக் கதவு வைத்த ஐ.எஸ்.ஓ.வுக்குத் திருப்பிவிட்டார்கள். எனவே அதிகாரபூர்வத் தளத்தில் இறக்கினாலும் கோப்பின் எஸ்.எச்.ஏ.256 எண்ணைச் சரிபாருங்கள், முடிந்தால் ஜி.பி.ஜி. கையொப்பத்தையும் சரிபாருங்கள்.

செய்ய வேண்டியவை

மாற அவசரமில்லை என்றால், தனிநபர்களுக்கு ஐந்து கணினிகள் வரை இலவசமான உபுண்டு ப்ரோவில் பதிந்துகொள்ளுங்கள், 20.04-க்கு 2030 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும்.

மாறுவதென்றால் முதலில் வெளி ஹார்டு டிஸ்க்கில் பேக்கப் எடுங்கள். எடுத்ததோடு விடாமல், வேறு கணினியில் செருகி நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். பிறகு புதிய டிஸ்ட்ரோவை நிறுவாமலேயே பென்டிரைவிலிருந்து லைவ் முறையில் இயக்குங்கள். வைஃபை, ஒலி, டச்பேட், பிரிண்டர், தமிழ்99 தட்டச்சு எல்லாம் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். வைஃபை எடுக்கவில்லையென்றால், போனை யு.எஸ்.பி. வயரில் இணைத்து இணையம் பெற்று டிரைவரை இறக்கலாம். உங்களுடையது 32-பிட் கணினியென்றால், 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ஐ அதில் நிறுவ முடியாது.

தவறி அழித்துவிட்டால் உடனே கணினியை அணைத்துவிடுங்கள். அந்த டிஸ்க்கில் எதையும் எழுதாதீர்கள். லைவ் பென்டிரைவிலிருந்து கணினியை இயக்கி டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் கருவிகளால் மீட்க முயலலாம். பழைய ஹார்டு டிஸ்க்கில் ஓரளவு வாய்ப்புண்டு, எஸ்.எஸ்.டி.யில் மிகக் குறைவு.

தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால் சென்னை லினக்ஸ் பயனர் குழு, காஞ்சி லினக்ஸ் பயனர் குழு, விழுப்புரம் ஜி.எல்.யு.ஜி. போன்ற தன்னார்வக் குழுக்களில் தமிழிலேயே கேட்கலாம்.

எந்த டிஸ்ட்ரோவையும் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். உங்கள் கோப்புகளை எங்கிருந்தும் இறக்க முடியாது. பேக்கப்பைத் திறந்து பார்க்காமல் ‘நிறுவு’ பொத்தானை அழுத்தாதீர்கள்.