மேக்னம் கைத்துப்பாக்கியும் இந்தியச் சட்டமும்

மேக்னம் என்பது அதே விட்டமுள்ள வழக்கமான தோட்டாவைவிட ஆற்றல் மிகுந்த தோட்டாவைக் குறிக்கும். அமெரிக்காவில் 1935இல் .357 மேக்னமும் 1955இல் .44 மேக்னமும் சுழல்துப்பாக்கிகளுக்காக அறிமுகமாயின. பின்னர் வந்த டெசர்ட் ஈகிள் என்னும் அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கி, வெடிப்பில் எழும் வாயு அழுத்தத்தால் வெற்றுக்கூட்டை வெளியேற்றி அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது.

இந்தியாவில் துப்பாக்கி வைத்திருக்க 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் தேவை. தடைசெய்யப்படாத வகைக்கு, விருத்தாசலத்தில் வசிப்பவர் கடலூர் மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். காவல்துறை அறிக்கைக்குப் பின்னரே முடிவு செய்யப்படும்.

எது தடைசெய்யப்பட்ட வகை என்பதை ஆற்றல் மட்டும் தீர்மானிப்பதில்லை. 9 மி.மீ. தோட்டா .44 மேக்னத்தைவிட ஆற்றல் குறைந்தது. ஆயினும் அது படைகள் பயன்படுத்தும் தோட்டா. எனவே அதைச் சுடும் கைத்துப்பாக்கி தடைசெய்யப்பட்டது. 2019 திருத்தத்தின்படி, அவ்வகையை உரிமமின்றி வைத்திருந்தால் தண்டனை குறைந்தது 7 ஆண்டு சிறை.