சோதனைக்கு ஏற்ற தடம் எது?

வீடியோ கேம் பற்றி நம் சங்க இதழில் ஒரு கட்டுரையா என்று அன்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ரயில்வேயில் ஸ்பிரிங்குகளோடும் போகிகளோடும் காலம் தள்ளியவன் நான். என் பேரன் விளையாடும் கார்ப் பந்தயத்தைப் பார்த்தபோது பழைய வேலை திரும்பக் கிடைத்ததுபோல் இருந்தது.

விளையாட்டின் பெயர் 'கிரான் டூரிஸ்மோ 7'. 1997-இல் ஜப்பானில் பிளே ஸ்டேஷனுக்காகத் தொடங்கிய வரிசையில் இது 2022-இல் வந்தது. இதில் ஓட்டுவது பாதி வேலைதான். கியர் விகிதம், டாம்பர், காற்றழுத்தம் எல்லாவற்றையும் நாமே மாற்றி அமைக்கலாம். ஸ்பிரிங்கின் விறைப்பைக்கூட ஹெர்ட்ஸ் கணக்கில் கேட்கிறது! பயணிகள் தூங்க வேண்டுமே என்று நாங்கள் 1 ஹெர்ட்ஸை ஒட்டி வைத்த சமாசாரம் அது.

பேரன் பத்து எண்களை ஒரே மூச்சில் மாற்றுவான். நேரே பந்தயத்தில் இறங்குவான். ஜெயித்தால் அமைப்பு பிரமாதம், தோற்றால் கார் மோசம். ரயில்வேயில் அப்படிச் செய்ய முடியுமா? புதிய வண்டி வந்தால், இன்ன பகுதியில் இன்ன வேகத்தில் என்று தடத்தைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆஸிலேஷன் ட்ரயல் நடக்கும். 2018 டிசம்பரில் 'ட்ரெயின் 18' மணிக்கு 180 கி.மீ. வேகத்தைத் தாண்டியது கோட்டா - சவாய் மாதோபூர் பகுதியில். கண்ட இடத்தில் ஓட்டிப் பார்க்கவில்லை.

ஆகவே நாங்களும் தடம் தேடினோம்.

கியர் விகிதத்துக்கு 'ஸ்பெஷல் ஸ்டேஜ் ரூட் எக்ஸ்'. கற்பனைத் தடம், 30 கி.மீ. சுற்று. இரண்டு நீண்ட நேர்ப்பாதைகள், இரண்டு அகன்ற சாய்வளைவுகள், அவ்வளவுதான். கடைசி கியரில் எஞ்சின் எல்லையை முட்டி நின்றுவிட்டால் விகிதம் குட்டை. சுழற்சி ஏறவே திணறினால் அளவுக்கு மீறி நீளம். ஆனால் இந்தத் தடம் ஆளை ஏமாற்றும். காற்றழுத்தத்தைக் குறைக்கக் குறைய வேகம் ஏறிக்கொண்டே போகும். பையனுக்கு ஒரே குஷி. அதே காரைச் சுசூகாவுக்குக் கொண்டுபோனான். முதல் எஸ் வளைவுகளிலேயே புல்தரைக்குப் போய்விட்டது.

வளைவில் கார் எப்படித் திரும்புகிறது என்று பார்க்க எனக்குப் பிடித்தது ஜப்பானின் சுகுபா. 2 கி.மீ.யை ஒட்டிய சின்னத் தடம். ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். ஒன்றை மாற்றி மூன்று சுற்று, பழையபடி வைத்து மூன்று சுற்று. டயரும் பெட்ரோலும் அதே அளவு. மூன்றில் நடுவான நேரத்தைத்தான் எழுதிக்கொள்ள வேண்டும். பேரனின் சுற்றுகளுக்குள்ளேயே அரை நொடி வித்தியாசம் வரும்போது, கால் நொடி முன்னேற்றம் என்று துள்ளுவதில் அர்த்தமில்லை. கடைசியில் வரும் நீண்ட வலப்புற வளைவுதான் அங்கே பொக்கிஷம். ஸ்டியரிங்கை ஒரே நிலையில் பிடித்தால், முன்பக்கம் வெளியே போகிறதா, பின்பக்கம் நழுவுகிறதா என்று தெளிவாகத் தெரியும்.

இங்கேதான் எனக்கு எதிர்பாராத லாபம். பையன் நாக்பூரில் பிறந்து வளர்ந்தவன். வெளியே இந்தி, வீட்டில் தமிழில் ஒற்றை வார்த்தைப் பதில். எண்ணை மாற்றுவது என் பொறுப்பு. கார் என்ன செய்கிறது என்று தமிழில் சொன்னால்தான் மாற்றுவேன் என்றேன். முதல் நாள் திணறினான். ஒரு வாரத்தில், "தாத்தா, மூக்கு திரும்ப மாட்டேங்குது" என்றான். முன் ஆன்டி ரோல் பாரை ஒரு படி தளர்த்தினோம். "இப்ப மூக்கு சரி, ஆனா வால் வீசுது." இதைவிடத் துல்லியமான ட்ரயல் ரிப்போர்ட் நான் சர்வீஸில் அதிகம் படித்ததில்லை.

கடைசிப் பரீட்சை சுசூகா. 1962-இல் கட்டிய இந்த 5.8 கி.மீ. தடம் எட்டு வடிவில், பாலத்தின் வழியாகத் தன்னைத்தானே கடக்கிறது. ரயில்காரன் மனம் அதிலேயே லயித்துவிடும். இடமும் வலமும், வேக வளைவும் ஹேர்பின்னும் கலந்திருப்பதால் காரின் ஒருபக்கக் குறை ஒளிய முடியாது. ரூட் எக்ஸில் குறைத்த காற்றழுத்தத்தைத் திருப்பி ஏற்றினோம். நேர்ப்பாதையில் வேகம் இழந்தான், சுற்று நேரத்தில் ஒரு நொடிக்குமேல் சம்பாதித்தான்.

டாம்பருக்கு ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் வடக்குச் சுற்று. 1927-இல் திறந்தது, 20 கி.மீ.க்கு மேல், மேடும் பள்ளமும் ஏராளம். ஒரு சுற்று முடிவதற்குள் எங்கே என்ன தவறு செய்தோம் என்பதே மறந்துபோகும். அதனால் முழுச்சுற்று நேரத்தை நாங்கள் பார்ப்பதில்லை. கார் தரையை விட்டு எழும்பும் 'ஃப்ளூக்பிளாட்ஸ்' மேட்டையும், காங்கிரீட் சாய்வளைவான 'கரசெல்'லையும் மட்டும் கவனிக்கிறோம். கரசெல்லில் குலுக்கல் இன்னும் அடங்கவில்லை. ஸ்பிரிங் என்கிறான் அவன், டாம்பர் என்கிறேன் நான். தினம் எட்டு மணிக்கு என் மனைவி டிவியைக் கேட்டு வந்துவிடுவதால் வழக்கு நிலுவையில் இருக்கிறது.