திறக்க மறுக்கும் வன்றட்டு

அறிவையும் நினைவையும் ஓலையிலும் கடதாசியிலும் எழுதிவைத்த மக்கள், இன்று அவற்றைக் காந்தப் பூச்சுடைய தட்டுகளில் எழுதிவைக்கின்றனர். பள்ளிக்கூடத்தின் புள்ளி இடாப்பும், ஆராய்ச்சி மாணவனின் பல்லாண்டு உழைப்பும், மறைந்த பெற்றோரின் நிழற்படமும் கையடக்கமான ஒரு பெட்டியினுள் அடங்கிக் கிடக்கின்றன. அப்பெட்டி ஒருநாள் திறக்க மறுக்குமாயின் உரியவர் கலங்குதல் இயல்பே. எனினும், பழுதினால் அழியாத பொருள் பழுதைக் கண்டவரின் பதற்றத்தினால் அழிந்துபோதலும் உண்டு. ஆதலின் வன்றட்டின் இயல்பையும், அது திறவாதபோது செய்யத்தக்கன, தகாதன இவை என்பதையும் அறிந்துவைத்தல் வேண்டும்.

வன்றட்டினை முதன்முதல் 1956 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் அமெரிக்காவில் வெளியிட்டனர். 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகளைக் கொண்ட அக்கருவியில் ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகளே அடங்கின. இக்காலத்து மேசைக் கணினியின் வன்றட்டு உள்ளங்கையில் அடங்கும். கொள்ளளவிலோ முன்னதினும் பல இலட்சம் மடங்கு பெரிது. எனினும் அடிப்படை ஒன்றே. தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல, எழுதவும் வாசிக்கவும் வல்ல தலை அதனைத் தொடாது, சில நனோமீற்றர் உயரத்திற் காற்றிலே மிதந்து செல்லும். அவ்விடைவெளியோடு ஒப்பிடின் ஒரு தூசித் துணுக்கும் பெரும் பாறையாம்.

வன்றட்டினை ஒரு நூல்நிலையத்துக்கு ஒப்பிடலாம். தட்டும் தலையும் மின்சுற்றும் கட்டடம் போல்வன. எந்தப் பிரிவு எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்று கூறும் பிரிவு அட்டவணை, அறைகளின் வரைபடம் போல்வது. பழைய முறையில் இஃது 512 பைற்று அளவினதாகிய முதற் றுண்டத்தில் இருக்கும். புதிய முறையிலோ இதன் மறுபடி ஒன்று தட்டின் இறுதியிலும் வைக்கப்படும். மூன்றாவதாகிய கோப்பு முறைமை, எந்நூல் எத்தட்டில் உள்ளது என்று காட்டும் நூற்பட்டியலை ஒக்கும். நூற்பட்டியல் கிழிந்தமையால் நூல்கள் அழிந்தன ஆகா. இவ்வொரு கருத்தே பின்வருவன யாவற்றுக்கும் அடிப்படையென்க.

முதலிற் கட்டடத்தை நோக்குக. வெளியே இணைக்கும் வன்றட்டாயின், வடத்தையும் செருகுவாயையும் மாற்றிப் பார்த்தல் வேண்டும். யூ.எஸ்.பி. 2.0 செருகுவாய் ஒன்று 500 மில்லியம்பியர் மின்னோட்டத்தையும், 3.0 செருகுவாய் 900 மில்லியம்பியரையும் வழங்குதற்கு வகுக்கப்பட்டவை. மின்னோட்டம் போதாதவிடத்து நல்ல வன்றட்டும் சுழலத் தொடங்கி நின்றுவிடும். வடமும் மின்னும் குறைவற இருந்தும் ‘டிக், டிக்’ என்னும் ஓசை இடைவிடாது எழுமாயின், தலை பழுதுற்றதென ஐயுற்று உடனே மின்னை நிறுத்துக. பெட்டியைக் கழற்றிப் பார்த்தல் ஒருபோதும் ஆகாது. அது தூசியற்ற அறையில் வல்லுநர் செய்தற்குரிய வேலை.

இத்தகைய குறி யாதும் இல்லையேல், விண்டோஸ் கணினியிலுள்ள தட்டு முகாமைப் பகுதியைத் திறந்து நோக்குக. தட்டு அங்கே தோன்றவேயில்லையெனின் குறை பெரும்பாலும் கட்டடத்தினது. தோன்றியும் அடையாள எழுத்து இல்லையெனின், அதனை வழங்குதலே போதுமானதாகலாம். ஒதுக்கப்படாத இடம் என்று காட்டின் பிரிவு அட்டவணையும், ‘ரோ’ என்று காட்டின் கோப்பு முறைமையும் சிதைந்திருத்தல் கூடும். மக்கின்ரொஷ் அல்லது லினக்ஸ் கணினிக்கென ஆயத்தஞ்செய்த தட்டு விண்டோசில் வாசிக்கப்படாமற் போதலும் உண்டு. அது பழுதன்று, மொழி வேறுபாடே. பிற்லொக்கரினாற் பூட்டப்பட்ட தட்டுக்கு 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். அனுமதி இல்லை என்னும் அறிவித்தல், வேறு கணினியிலிருந்து வந்த தட்டின் உரிமையை மாற்றுதலால் நீங்கக்கூடும்.

மேற்கூறிய நிலைகள் சிலவற்றில், தட்டினைப் ‘போமற்’ செய்தல் வேண்டும், செய்யலாமா என்று கணினி வினவும். பலர் கேடுறும் இடம் இதுவே. அவ்வினாவுக்கு இசைதல், கிழிந்த நூற்பட்டியலை எறிந்துவிட்டு வெற்றுப் பட்டியலொன்றை வைத்தலாகும். விரைவு முறையாயின், மேலே வேறொன்று எழுதப்படும்வரை பழைய நூல்கள் கிடத்தல் கூடும். விண்டோஸ் விஸ்ராவும் அதற்குப் பிந்தியனவும் முழு முறையிலே தட்டு முழுவதையும் சுழியங்களால் நிரப்புமாதலின், அதன்பின் மீட்சியில்லை.

‘செக்டிஸ்க்’ என்னும் திருத்துங் கருவியையும் உடனே ஏவுதல் தகாது. பட்டியலை ஒழுங்குபடுத்துதலே அதன் நோக்கம், கோப்புகளைக் காத்தலன்று. பொருந்தாத பதிவுகளை அது நீக்கியும் விடலாம். ஆதலின் முதலில் ‘ஸ்மார்ட்’ என்னும் தற்கண்காணிப்புப் பதிவை நோக்குக. மாற்றிடம் பெற்ற துண்டங்களின் தொகையோ, வாசிக்கவியலாது காத்திருக்கும் துண்டங்களின் தொகையோ பெருகிவரின் தட்டு தளர்கின்றது என்பது பொருள்.

அந்நிலையிற் செய்யத்தக்கது படியெடுத்தலேயாம். குனூ ‘டிடிரெஸ்கியூ’ என்னும் இலவசக் கருவி, எளிதில் வாசிக்கத்தக்க பகுதிகளை முதலிற் படியெடுத்துக்கொண்டு, பழுதுற்ற பகுதிகளைப் பின்னரே மீண்டும் முயலும்; எதுவரை முடிந்தது என்பதையும் குறித்துவைக்கும். படி கிடைத்தபின், ‘ரெஸ்ற்டிஸ்க்’ கொண்டு பிரிவு அட்டவணையை மீட்டலையும், செக்டிஸ்க் கொண்டு திருத்துதலையும் அப்படியின்மீதே செய்க. படியிற் பிழை நேரினும் மூலம் எஞ்சியிருக்கும்.

வன்றட்டு எதுவும் ஒருநாள் நின்றுபோவதே. இன்றியமையாத கோப்புகளுக்கு மூன்று படிகள் வைத்து, அவற்றுள் ஒன்றை வேறொரு மனையில் வைத்தல் அறிவுடைமை. ஒரே தட்டின் இரு பிரிவுகளில் வைத்தல் காப்பாகாது. தட்டு நின்றால் இரண்டும் ஒருங்கே போம். செல்லுக்கும் ஈரத்துக்கும் இரையாகும் ஓலையிலே எழுதிய நூல்கள் நூற்றாண்டுகளைக் கடந்து நம் கைக்கு எட்டியமைக்குக் காரணம், ஏடு ஒடிவதற்கு முன்னரே அதனைப் பெயர்த்தெழுதி வைத்தோரின் கடமையுணர்ச்சியாகும். அக்கடமை இன்று கணினி வைத்திருப்போர் ஒவ்வொருவருக்கும் உரியது.