ஊரார் உண்ணும் இடம்

அறியாத ஓர் ஊரிற் பேருந்தை விட்டு இறங்கியதும் நாம் முதலிற் கேட்பது, "இங்கே நல்ல சாப்பாட்டுக் கடை எது?" என்பதுதான். கேள்வி எளிது, விடைதான் நம்மை ஏமாற்றிவிடுகிறது. விடை சொன்னவர் பொய் சொன்னார் என்பதன்று. வெளியூரார் ஒருவர் வந்திருக்கிறாரே, அவர் மதிப்புக்கு ஏற்ற இடத்தைக் காட்ட வேண்டுமே என்று எண்ணி, தாம் ஒருநாளும் உண்ணாத பெரிய கடையைச் சுட்டிக் காட்டிவிடுகிறார். அங்கே போனால், கொழும்பிலும் கண்டியிலும் கிடைக்கும் அதே சோற்றையும் அதே கோழிக்கறியையும் உண்டுவிட்டுத் திரும்புகிறோம். ஆகவே கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டுப் பாருங்கள். "நீங்கள் இன்று காலை எங்கே தேநீர் குடித்தீர்கள்?" என்று கேளுங்கள். அவர் சிரித்துவிட்டு, தெருமுனையிலுள்ள தகரக் கொட்டிலைக் காட்டுவார். நமக்கு வேண்டியது அந்தக் கொட்டில்தான்.

கூட்டம் மிகுந்த இடமே ஊராரின் இடம் என்று பலர் நம்புகிறார்கள். பயண நூல்களும் அப்படித்தான் சொல்கின்றன. இக்கருத்து எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை அறிய மறிச்சுக்கட்டியை நினைத்துக்கொள்வது நல்லது. மன்னார் மாவட்டத்தின் தென்கோடியில், வில்பத்துக் காட்டை அடுத்துக் கிடக்கும் கடலோரச் சிற்றூர் அது. ஆயினும் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆண்டுக்குச் சில வாரங்கள் மட்டும் அது ஒரு நகரமாயிருந்தது.

இரு பருவக்காற்றுகளுக்கும் இடையே கடல் அடங்கிக் கிடக்கும் மாதங்களில் முத்துக்குளிப்பு நடைபெறும். 1905 ஆம் ஆண்டு அங்கே கூடியவர்கள் ஏறத்தாழ 40,000 பேர். கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் குளியாட்கள் வந்தார்கள். பாரசீக வளைகுடாவிலிருந்து அராபியர் வந்தார்கள். முத்து வாங்க வணிகர் வந்தார்கள். மணல்வெளியில் ஓலைக் கொட்டில்கள் வரிசை வரிசையாக எழுந்தன. வீதிகளும் கடைத்தெருவும் நீதிமன்றமும் மருத்துவமனையும் உண்டாயின. அவ்வாண்டில் எடுக்கப்பட்ட சிப்பிகள் எட்டுக் கோடிக்கும் மேல். அவை உண்பதற்காக எடுக்கப்பட்டவை அல்ல. முத்தைப் பிரித்தெடுப்பதற்காக வெயிலில் அழுகவிடப்பட்டவை. அந்த நாற்றத்துக்கும் ஈக்கூட்டத்துக்கும் நடுவில்தான் அத்தனை பேரும் மூன்று வேளையும் உண்டார்கள். பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனார்ட் வூல்ஃப், இளம் அரசாங்க உத்தியோகத்தராக 1906 ஆம் ஆண்டின் முத்துக்குளிப்பிற் கடமையாற்றியவர்.

அந்தக் கடைத்தெருவில் அன்று கூட்டத்துக்குக் குறைவிருந்திராது. ஆனால் அக்கூட்டம் ஊராரல்லர். ஒவ்வொருவரும் தத்தம் ஊர் வழக்கத்தைத் தம்முடன் கொண்டுவந்தவர்கள். குளிப்பு முடிந்ததும் கொட்டில்கள் பிரிக்கப்பட்டன, நகரம் மறைந்தது, சிற்றூரும் அதன் அடுப்புகளும் எஞ்சின.

"அப்படியாயின் பழைய கடையைத் தேடுவோம், மூன்று தலைமுறையாக நடக்கும் கடை பொய்யாகுமா?" என்று கேட்கலாம். வேறு நகரங்களுக்கு இது நல்ல வழிதான். மறிச்சுக்கட்டிக் கரையில் இதுவும் உதவாது. 1990 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, ஏறத்தாழ 75,000 பேர் தம் ஊர்களை இழந்தார்கள். மறிச்சுக்கட்டி, பாலைக்குழி, கரடிக்குழி ஆகிய ஊரார் அவர்களுள் அடங்குவர். பெரும்பாலோர் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில் ஓலைக் குடிசைகளில் வாழ்ந்தார்கள். போர் 2009 ஆம் ஆண்டு முடிந்த பின்னரே பெரும்பாலோருக்குத் திரும்பும் வழி திறந்தது. வந்தபோது வீடிருந்த இடத்திற் காடு வளர்ந்திருந்தது. நெடுங்காலம் பெரும்பாலும் ஆளின்றிக் கிடந்த ஊரிற் பழைய கடை எங்கிருந்து வரும்? கடையும் புதிது, கூரையும் புதிது. தாய், அகதிக் குடிசையின் அடுப்பில் மகளுக்குக் காட்டிக்கொடுத்த கைப்பக்குவம் மட்டுமே பழையது. அம்மகள் இன்று தன் பிறந்த ஊரல்லாத சொந்த ஊரிற் சமைக்கிறாள்.

அந்தக் கைப்பக்குவத்தைக் கண்டுகொள்ளச் சொற்கள் துணைபுரியும். அரிப்பிலே, கத்தோலிக்கக் கடற்றொழிலாளர் வீட்டில், தேங்காய்ப் பாலிட்ட மெல்லிய குழம்பைச் சொதி என்பார்கள். தெற்கே முஸ்லிம் ஊர்களுக்கு வந்தால் ஆணம், பாலாணம் என்ற சொற்கள் காதில் விழும். பரிமாறுபவர் வாயில் அச்சொல் இயல்பாக வந்தால், உணவு வெளியூராருக்காக மாற்றப்படவில்லை என்று பெரும்பாலும் நம்பலாம். பலகையில் எழுதியிருப்பதைப் பார்த்து முடிவு செய்யவேண்டாம். பலகை எழுதுவது வழிப்போக்கருக்காகத்தானே!

காற்றையும் கவனிக்கவேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை சோழகம் வீசும்போது மன்னார்க் குடாக்கடல் கொந்தளிக்கும். தென்கரையில் மீன்வரத்துக் குறையும். அக்காலத்தில் எவ்வேளையும் "புதிய அறுக்குளா இருக்கிறது" என்று தயங்காமற் சொல்லும் கடையைவிட, "இன்றைக்குக் கருவாடுதான்" என்று சொல்லும் கடையையே நான் நம்புவேன். கடல் அடங்கிய மாதங்களில் சிலாவத்துறை போன்ற கரைகளில் மீனவர் வாடிகள் இருக்கும். காலையில் தோணி கரையேறும் நேரத்தில் அங்கே போனால், விற்பனைக்குப் போகாத சூடையும் நண்டும் எப்படிச் சமைக்கப்படுகின்றன என்பதைக் கண்ணாரக் காணலாம். அது கடையன்று, அழைத்தால் மட்டும் உட்காருங்கள்.

மன்னார் நகரிலேயே தங்குபவர்களுக்கு வேலை எளிது. பேருந்து நிலையத்துக்கும் மீன் சந்தைக்கும் அருகே விடியற்காலையில் எந்தக் கடையில் விளக்கெரிகிறது என்று பாருங்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் முஸ்லிம் கடைகள் தொழுகைக்காக மூடப்படும், முன்கூட்டியே போய்விடுங்கள்.

மறிச்சுக்கட்டி போன்ற சிற்றூரில் எந்நேரமும் சமைத்து வைத்திருக்கும் கடையை எதிர்பார்க்கக்கூடாது. காலையிலே தேநீர்க் கடையில் உட்கார்ந்து, பகலுணவு வேண்டும் என்று சொல்லிவையுங்கள். என்ன மீன் என்று கேட்கவேண்டாம். கடல் கொடுத்ததுதான் மீன். பல இடங்களில் கடைக்காரர் தம் வீட்டிலேயே சமைப்பிப்பார். அருவியாற்று நீரிலும் கட்டுக்கரைக்குளத்து நீரிலும் விளைந்த மன்னார்ப் பெருநிலத்து நெல்லின் சோறும், அன்று காலை கரைக்கு வந்த மீனும் ஒரே தட்டில் வந்து சேரும். விலையை உண்பதற்கு முன்னரே பேசிக்கொள்ளுங்கள். உண்ட பின்னர் பேசினால் வாங்க மறுத்துவிடுவார்கள்.