மறைந்து வரும் பகையும் மணியோசையும்

வலியவன் ஒருவனும் மெலியவர் பலரும் எதிர்நின்று ஆடுமிடத்து, இருதிறத்தார்க்கும் வெல்லும் வாய்ப்பு இருத்தல் வேண்டும். அதற்கு வலியவனை ஒரு விதி கட்டவேண்டும். நம் கிளித்தட்டில் ஏனைய மறிப்போர் தத்தம் கோட்டில் நிற்க, கிளி நடுக்கோட்டிலும் ஓடித் தொடலாம். ஆயினும் கோட்டை விட்டு இறங்க இயலாது. ஆடுபுலி ஆட்டத்தில் 3 புலிகளுக்கே வெட்டும் உரிமை உண்டு. ஆனால் 15 ஆடுகள் கூடி வழியடைத்தால் புலி தோற்கும்.

இந்நியதி கணினி விளையாட்டுக்கும் பொருந்தும். கனடாவின் மொன்றியல் நகரிலுள்ள பிஹேவியர் நிறுவனம் உருவாக்கி, 2016இல் வெளிவந்த 'டெட் பை டேலைற்' என்னும் திகில் ஆட்டத்தைக் காண்போம். கொலைஞன் ஒருவன், தப்ப முயல்வோர் நால்வர். கொலைஞன் நெருங்குகையில் நால்வர்க்கும் நெஞ்சு துடிக்கும் ஓசை கேட்கும். 'றெயித்' என்னும் கொலைஞனோ உருமறைந்து, அவ்வோசையும் எழாமல் விரைந்து வருவான்.

இவ்வாற்றலுக்கு ஆட்டத்தை அமைத்தோர் விலை வைத்தனர். மறைந்திருக்கையில் அவன் தாக்க இயலாது. வெளிப்படுவதற்கு மணியடித்தல் வேண்டும். அருகில் அசைந்தால் காற்று நெளிவது போலத் தோன்றும்.

குறிப்பு மிகுந்தால் மறைவு பயனற்றதாகும். குறிப்பே இல்லையேல் நால்வரும் வெறும் இரையாவர். கூர்ந்து கவனிப்பவன் தப்பவும், அசட்டையானவன் அகப்படவும் இடமிருந்தாலே அச்சமும் ஆட்டமாகும்.

இத்திகில் ஆட்டம் சிறுவர்க்கு உரியதன்று. வளர்ந்த மாணவர் ஆடுவாராயின், வலியவனைக் கட்டும் விதி எதுவென்று பெற்றோர் வினவுக. கட்டில்லா வலிமை ஆட்டத்தில் மட்டுமன்று, நாட்டிலும் நீதியாகாது என்பதை அவ்வினாவே உணர்த்தும்.